தையல்நாயகி வீட்டுத் தூண்

கடல் ஊருக்குள் ஏறி வந்த வருஷம், கோயிலைக் கல் கல்லாகப் பிரித்து வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தார்கள். மேட்டு நிலத்தில் திரும்பக் கட்டும்வரை அவரவர் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். தையல்நாயகியின் கூடத்துக்கு வந்தது, பிள்ளை பெறும் பெண்ணைச் செதுக்கிய தூண். நின்றபடியே வலி பொறுக்கும் அவளைத் தோழிகள் இருவர் தாங்கிப் பிடித்திருந்தார்கள்.

பிள்ளையில்லாத வீட்டுக்கு இதையா கொடுப்பது என்று தையல்நாயகி அன்று அழுதாள். ஆனால் அந்தக் கல்வயிற்றில் எண்ணெய் தடவ, மாசமான பெண்களெல்லாம் அவளைத் தேடித்தான் வந்தார்கள். வளைகாப்புக்கு அவளை அழைக்காத வீட்டுப் பெண்களும் வந்தார்கள். பயந்தவர்களை உட்காரவைத்து, பயம் தெளியும்வரை அவள் பேசிக்கொண்டிருப்பாள்.

ஒன்பதாம் வருஷம் லாரி வந்து தூணை ஏற்றிக்கொண்டு போனது. கூடம் வெறிச்சோடிக் கிடந்தது.

குடமுழுக்கு முடிந்த சில நாளில், எதிர்வீட்டு நிறைமாதக்காரி செண்பகம் வாசலில் வந்து நின்றாள்.

"தூணுதான் கோயிலுக்குப் போயிடுச்சே, செண்பகம். அங்கதான் போகணும்."

"போனேன் அக்கா. சுத்தி கம்பி போட்டிருக்காங்க. தொட விடலை."

"இங்க மட்டும் என்னடி இருக்கு?"

செண்பகம் தையல்நாயகியின் கையைப் பிடித்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள்.