வழி எழுதாத விடைகள்

மைனஸ் பின்னங்களைப் பெருக்கிச் சுருக்கச் சொன்ன பத்துக் கணக்குக்கும் விடை சரி. ஒன்றுக்குக்கூட வழி எழுதவில்லை.

“யாரைப் பாத்து எழுதுன?” என்றார் கணக்கு டீச்சர்.

“யாரையும் பாக்கல டீச்சர்” என்றாள் சிறுமி.

பூஜ்யம் போடுமுன் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று டீச்சர் அவள் அம்மாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார்.

“விடைத்தாளைப் படம் எடுத்து அனுப்பினேனே, பாத்தீங்களா?”

“இல்லீங்க. நீங்களே வாசிச்சுடுங்களேன்.”

பெற்ற பிள்ளையின் தாளைப் பார்க்கக்கூட நேரமில்லையாக்கும்! டீச்சருக்குச் சுள்ளென்று வந்தது.

“உங்க பொண்ணு காப்பி அடிச்சிருக்கா.”

“அவளா? புத்தகத்துலேர்ந்து புதுசா ஒண்ணு வாசிங்க, பாப்போம்.”

“மைனஸ் மூணு பை நாலு, இன்டு மைனஸ் எட்டு பை பதினஞ்சு, இன்டு மைனஸ் அஞ்சு பை ஆறு.”

“மைனஸ் ஒண்ணு பை மூணு!” என்றாள் சிறுமி. ஒரு மூச்சு பிந்தி, போனிலிருந்தும் அதே விடை வந்தது.

டீச்சர் தாளில் அடித்துச் சுருக்கிப் பார்த்தார். சரிதான்.

“அப்புறம் ஏம்மா வழி எழுதல?”

சிறுமி தலைகுனிந்தாள். அம்மாதான் பதில் சொன்னாள்.

“அது என்னால வந்த பழக்கம் டீச்சர். எனக்குக் கண்ணு தெரியாது. தினம் அவ கணக்கை வாசிப்பா, ரெண்டு பேரும் மனசுக்குள்ளயே போட்டி போடுவோம். பேனாவைத் தொட்டா அழுகுணி ஆட்டம்னு அவளே சட்டம் வச்சிருக்கா.”

டீச்சர் சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

“எவ்வளவு டீச்சர் மார்க்கு?” என்று அம்மா போனில் கேட்டாள்.

“பத்துக்குப் பத்து.”

“இருக்காதா பின்ன! ஒரு மாசமா அவகிட்ட நான் தோத்துக்கிட்டே இருக்கேன்” என்றாள் அம்மா, பெருமை தாங்காமல்.