ஜூன் ஒன்றாம் தேதிக் குழந்தைகள்

ஒரு பள்ளியின் கம்ப்யூட்டரில், சேர்க்கைப் பட்டியலின் ‘பிறந்த தேதி’ வரிசைக்கு ‘ஸ்கிரிப்ட்’ என்ற ஒரு குட்டி நிரல் காவல் நின்றது. சரியான தேதி வந்தால் கட்டத்துக்குப் பச்சை அடிக்கும், இல்லையென்றால் சிவப்பு. யார் கெஞ்சினாலும் மசியாது.

பொன்னரசி என்ற குழந்தையின் கட்டத்துக்கு ‘ஆடிப்பெருக்கு’ வந்து நின்றது.

“நாள், மாசம், வருஷம் மூணும் எண்ணுல இருக்கணும். நீ வெறும் எழுத்து,” என்று சிவப்பு அடித்தது ஸ்கிரிப்ட்.

“அவ பிறந்தது அன்னைக்குத்தான். பெத்தவளே வந்து சொன்னா,” என்றது ஆடிப்பெருக்கு.

“அதெல்லாம் எனக்குத் தெரியாது. வெளியே போ.”

அலுவலகத்தில் அதை அழித்துவிட்டு, வழக்கம்போல் ஜூன் ஒன்றாம் தேதியைப் போட்டார்கள்.

ஸ்கிரிப்ட் அதை உற்றுப் பார்த்தது. “உன்னை மாதிரியே உள்ளே முப்பத்தெட்டு பேர் இருக்காங்க. அத்தனை குழந்தைங்களும் ஒரே நாள்லயா பிறந்துச்சு?”

“ஒண்ணுகூட அன்னைக்குப் பிறக்கலை,” என்றது ஜூன் ஒன்று. “பள்ளியில் சேர வயசு சரியா வரணுமே, அதுக்காகப் போட்டது. என் எண்ணுல ஏதாவது தப்பு இருக்கா?”

ஸ்கிரிப்ட் மூன்று எண்களையும் இரண்டு தடவை சரிபார்த்தது. ஒரு தப்பும் இல்லை. பச்சை அடித்தது.

“என்னைத் தாண்டி ஒரு தப்பான தேதி உள்ளே போகட்டும், பார்க்கிறேன்!” என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அடுத்த கட்டத்துக்கு நகர்ந்தது.