தாளின் மறுபக்கம்

அது ஒன்பதாம் வகுப்பிலா பத்திலா என்று எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. கண்ணாடிக் கதவு போட்ட அந்தப் பலகை மட்டும் நினைவிருக்கிறது. எங்கள் பள்ளியின் சுவர்ப் பத்திரிகையை அதற்குள் குத்திவைத்துப் பூட்டிவிடுவார்கள். அதனால் தாளின் ஒரு பக்கத்தில்தான் எழுத வேண்டும். விடுதிக்குப் புதிதாக வந்த செண்பகவல்லிக்கு இதை யாரும் சொல்லவில்லை. அவள் இரண்டு பக்கமும் எழுதிக் கொடுத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை விடுதி வாசலில் அப்பாவுக்காகக் காத்திருக்கும் ஒரு சிறுமியின் கதை. ஆட்டோ வந்து நிற்பதோடு முன்பக்கம் முடிந்திருந்தது.

“அப்பா வந்துட்டார்னு சொல்லாமலே சொல்லிட்டா பாருங்கடி!” என்றாள் பத்திரிகையை நடத்திய பிலோமினா.

“பின்னாடி இன்னும் இருக்குக்கா” என்றாள் செண்பகவல்லி.

“இருந்தா இருக்கட்டும்டி. இதுவே அழகா முடிஞ்சிருக்கு. பூட்டியாச்சு, சாவி மிஸ்கிட்ட.”

சாப்பாட்டு இடைவேளைகளில் செண்பகவல்லி தட்டைக் கழுவிவிட்டு வந்து பலகையின் அருகே நிற்பாள். ஆட்டோவிலிருந்து இறங்கியது யார் என்று ஒருவராவது கேட்க மாட்டார்களா என்று ஒவ்வொரு முகமாகப் பார்ப்பாள். படித்தவர்கள் அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள்.

மாதம் முடிந்ததும், மிக நல்ல கதை என்று அந்தத் தாளின் பின்பக்கம் முழுக்கப் பசை தடவி அட்டையில் ஒட்டி நூலகத்தில் மாட்டினார்கள்.

அரையாண்டு விடுமுறைக்கு எங்களை அழைத்துப்போக வீட்டிலிருந்து ஆள் வந்தது. செண்பகவல்லி மட்டும் விடுதியிலேயே இருந்தாள். பிலோமினா இப்போது வங்கியில் இருக்கிறாள். நான் மதுரையில் இருக்கிறேன். செண்பகவல்லி பத்தாவதோடு நின்றுவிட்டாள். எங்கே போனாள் என்று எங்களில் யாரும் கேட்கவில்லை.