ஐம்பதுக்கு இருபத்திரண்டு

பள்ளியில் கொடுத்த விடைத்தாளைப் பைக்குள் ஒளித்துக்கொண்டு சோபியா வீட்டுக்கு வந்தாள். ஒளித்தால் வெண்ணந்தூர் மாதிரிச் சின்ன ஊருக்குத் தெரியாதா என்ன? வாசலிலேயே விசாரணை.

“எத்தனை?”

“அம்பதுக்கு இருவத்திரண்டு.”

“பக்கத்து ஊட்டுல?”

“ஜாக்குலின் நாப்பத்தெட்டு.”

“அங்க மட்டும் வேற சோறா திங்கறாங்க? எந்த மூஞ்சிய வெச்சுட்டுத் தெருவுல நடந்து வந்த?”

“படிச்சதுதான். பயத்துல மறந்துபோச்சு.”

“போன் நோண்டறது மட்டும் மறக்கலயே!”

சோபியாவுக்குக் கண் கலங்கியது. கையெழுத்து வாங்காமல் போனால் நாளை எல்லோர் முன்னாலும் எழுப்பி நிறுத்துவார்கள்.

“ஒரு கையெழுத்துப் போட்டுரு, சாமி.”

அம்மா சோபியாவிடம் தினமும் வாங்கும் வசவை ஒரு சொல் விடாமல் ஒப்பித்து முடித்த ஒன்பதாம் வகுப்பு மகள், பேனாவை எடுத்தாள். தாளின் தலைப்பில் கொட்டை எழுத்து:

‘பெற்றோருக்கான உளவியல் தேர்வு. பாடம்: பிள்ளைகளை மதிப்பெண்ணால் அளக்காதீர்கள்.’