பிள்ளைபிடிக்காரி

ஒரு பிள்ளைகூடவா கிடைக்கவில்லை என்று தலைநகரத்து அதிகாரி திரையிலிருந்து கேட்டார்.

எங்கள் மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் மாதக் கூட்டம். சுவரில் அவருடைய முகம், பக்கத்தில் நாட்டு வரைபடம். எல்லா மாவட்டமும் பச்சை. நாங்கள் மட்டும் சிவப்பு.

கால் துவண்ட பிள்ளை இல்லை என்றால் சந்தோஷப்பட வேண்டியதுதானே என்று வெளியாட்கள் கேட்பார்கள். எங்கள் பிழைப்பு அப்படி இல்லை. போலியோ எட்டிப் பார்க்காத ஊரிலும், வேறு ஏதேதோ காரணத்தால் வருடத்துக்கு இலட்சம் பிள்ளைகளில் ஒன்றிரண்டுக்குத் திடீரென்று கை கால் துவண்டுபோகும். அதுகூடக் கண்ணில் படவில்லை என்றால், நாங்கள் தேடவே இல்லை என்று அர்த்தம்.

துவண்ட பிள்ளை கிடைத்தால் அதன் மலத்தை ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்புவோம். கிருமி இருந்தால், அது எந்த வகை, எதிலிருந்து பிறந்தது, பங்காளிகள் எந்த ஊரில் என்று புட்டுப் புட்டு வைத்துவிடுவார்கள். சம்பந்தம் பேசுகிறவர்கள்கூட அவ்வளவு விசாரிக்க மாட்டார்கள்.

போன மாதம் பக்கத்து மாவட்டத்துச் சாக்கடையில் ஒரு வகைப் போலியோ கிருமி அகப்பட்டது. அதன் வம்சத்தைப் பார்த்தால், இரண்டு வருடமாக யார் கண்ணிலும் படாமல் எங்கோ சுற்றிவிட்டு வந்திருக்கிறது. கண்டுபிடித்ததால் அவர்கள் பச்சை. அது சுற்றிய இடம் உங்கள் மாவட்டம்தான் என்று எல்லாரும் எங்கள் பக்கம் கையை நீட்டினார்கள்.

திட்டு முழுவதும் அக்கா தலையில் விழுந்தது.

அக்கா எங்கள் களப் பொறுப்பாளர். நேரில்தான் அக்கா. முதுகுக்குப் பின்னால் பிள்ளைபிடிக்காரி. வெயில் மழை பார்க்காமல் ஸ்கூட்டரில் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்குவார். டாக்டர், நர்ஸ், ஆயா, எலும்பு கட்டுகிறவர், ஒருவரையும் விடமாட்டார். துவண்ட பிள்ளை ஏதாவது வந்ததா என்று கேட்பார். வரவில்லை என்றால் முகம் தொங்கிப்போகும். வேறு யாராவது அப்படி முகத்தைத் தொங்கப்போட்டிருந்தால் துடைப்பக்கட்டையால் அடித்திருப்பார்கள்.

இந்த மாதமும் சிவப்பு என்றால் அக்காவின் ஒப்பந்தம் நீட்டிக்கப்படாது. அதிகாரி அதைச் சுற்றி வளைக்காமல் சொன்னார். அத்தனை பேர் முன்னால், ஒரு திரைக்குள் உட்கார்ந்துகொண்டு. அக்கா தலையைக் குனிந்து பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

அப்போதுதான் அவருடைய போன் அதிர்ந்தது.

எங்கள் மாவட்டத்துப் பெரிய டாக்டர் முறைத்தார். அக்கா போனில் வந்த பெயரைப் பார்த்துவிட்டு எடுத்தார். சொல்லு என்றார். ஊரிலுள்ள ஆயாக்கள், கம்பவுண்டர்கள் எல்லாரிடமும் அவருக்கு அதே சொல்லுதான்.

கேட்டுக்கொண்டே நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு வழக்கமான கேள்விகள் வந்தன. எப்போதிலிருந்து. ஒரு காலா, இரண்டுமா. காய்ச்சல் இருந்ததா. கிள்ளினால் தெரிகிறதா. பிடித்து நிறுத்தினால் நிற்கிறானா. குரலில் ஒரு பிசிறு இல்லை.

எங்களுக்குப் புரிந்துவிட்டது. பக்கத்திலிருந்த தடுப்பூசி நர்ஸ் என் கையைக் கிள்ளினார். நானும் பல்லைக் காட்டினேன். பின்னே, அக்கா பிழைத்தாரே.

"வெளிக்குப் போனா கழுவி ஊத்திராத. டப்பால எடுத்து ஐஸ்ல வை."

வேலை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று யாரோ மெல்லச் சொன்னார்கள். பெரிய டாக்டருக்குப் பேரன் பிறந்த முகம். மைக்கை இழுத்து, ஐயா, இதோ ஒன்று வந்துவிட்டது என்று தலைநகரத்துக்கே அறிவித்தார். நான் கணினியில் மளமளவென்று தட்டி எங்கள் மாவட்டத்தைப் பச்சையாக்கினேன்.

வண்டி அனுப்பலாம், விலாசம் வாங்குங்கள் என்று டாக்டர் கையை ஆட்டினார். அக்கா அந்தப் பக்கம் திரும்பவில்லை. விலாசம் கேட்கவும் இல்லை. அந்தக் கேள்வியை அவர் விட்டு நான் பார்த்ததே இல்லை.

எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"போனை அவன் காதுல வை... அம்மாதான்டா பேசுறேன். அழாத கண்ணு. இதோ வந்துர்றேன்."

பெரிய டாக்டர் மைக்கைத் தள்ளி வைத்தார்.

தலைநகரத்திலிருந்து சத்தம் எப்போதும் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். அவர்களுடைய கைதட்டல் அப்போதுதான் எங்கள் அறைக்கு வந்து சேர்ந்தது.