ஒரு லெக் பை

"ஒரு அடிக்குறிப்பு எண்டாலும் போடுங்கோ அங்கிள். அப்பா அதைப் பாத்திட்டுப் போகட்டும்."

சோபனா ஒக்லாந்தின் தெற்கே மனுரேவாவிலிருந்து காரை ஓட்டிக்கொண்டு நேரே சான்ட்ரிங்ஹாமில் இருக்கும் குலசிங்கத்தின் வீட்டுக்கு வந்திருந்தாள். அவளுடைய அப்பா பரராஜசிங்கத்துக்கு டொக்டர்கள் இரண்டு கிழமைதான் சொல்லியிருந்தார்கள். குலசிங்கத்தின் புத்தகம் திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது.

புத்தகம் என்றால் சும்மா புத்தகமில்லை. யாழ்ப்பாணத்தில் அவர்கள் படித்த கல்லூரி நூறு வருடமாக மற்றக் கல்லூரியோடு ஆடிய பிக் மட்ச் கிரிக்கெட் அத்தனைக்கும் புள்ளிவிபரம். யார் எத்தனை அடித்தான், யார் யாரை விழுத்தினான், நடுவர் யார், ஸ்கோர் எழுதியவர் யார், எல்லாம் உண்டு. பதினொரு வருடம் அதற்குள்ளேயே தலையைக் கொடுத்துக்கொண்டு கிடந்தார் மனிதர்.

லைப்ரரி கழித்துவிட்ட அமெரிக்கப் பேஸ்போல் புள்ளிவிபரப் புத்தகங்கள் மூன்றை வாங்கி வைத்துத்தான் இந்த வேலையைப் பழகினார். ஒவ்வொன்றும் தலையணைத் தடிப்பு. ஆள் செத்து அறுபது வருடமானாலும் ஆதாரம் கிடைத்தால் அவனுடைய கணக்கைத் திருத்திவிடுவார்கள் என்று வருகிறவர்களுக்கெல்லாம் பெருமையாகச் சொல்வார்.

1978. பரராஜசிங்கம், 99.

அன்று ஸ்கோர் போர்டில் பராவின் பெயருக்கு நேரே நூறு தொங்கியது. பெடியள் மாலையோடு மைதானத்துக்குள் ஓடினார்கள். அடுத்த பந்தில் பரா அவுட்.

பின்னேரம் ஸ்கோர் புத்தகத்தைக் கூட்டிப் பார்த்த மாஸ்டர் தொண்ணூற்றொன்பது என்றுவிட்டார். ஓர் ஓட்டம் லெக் பை. துடுப்பில் படாமல் காலில் பட்ட பந்துக்கு ஓடியது. அணிக்குச் சேரும், அடித்தவனுக்குச் சேராது.

பரா அதை இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. ஒக்லாந்தில் எந்தக் கலியாண வீட்டிலும் இரண்டாவது கிளாஸ் முடிவதற்குள் அந்தக் கதை வந்துவிடும். சனம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும்.

மேசையில் அந்தப் பழைய ஸ்கோர் புத்தகமே விரிந்து கிடந்தது. எண்பத்து நாலில் ஊரைவிட்டு வந்தபோது குலசிங்கம் அதை உடுப்புக்குள் சுற்றிக் கொண்டுவந்தார். தாயின் படம் ஒன்றுகூட வரவில்லை. இது வந்தது.

"போர்டில நூறு போட்டது உண்மைதானே அங்கிள். அதை மட்டும் எழுதுங்கோ."

அவள் கேட்டது பொய்யில்லை. ஆள் போகப்போகிறார். குலசிங்கத்தின் மனம் இளகத்தான் செய்தது. அச்சுப்படியை இழுத்து வைத்து, பக்கத்தின் அடியில் பென்சிலால் எழுதத் தொடங்கினார். 'ஸ்கோர் போர்டில் நூறு...'

சோபனாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. உடனே அப்பாவைப் போனில் வீடியோ கோல் எடுத்தாள்.

தலையணையில் பரா. மூக்கில் குழாய். மகள் கமராவைத் திருப்பிப் பென்சில் எழுத்தைக் காட்ட, ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். முகம் அப்படியே மலர்ந்தது.

"குலம், நீயும் எங்கட கல்லூரிதானே?" என்றார் பரா மெல்ல. "அண்டைக்கு மட்ச் பாக்க வந்தனியோ?"

குலசிங்கம் பென்சிலைக் கீழே வைத்தார்.

"இல்லை அண்ணை."

பிறகு ரப்பரை எடுத்து, எழுதிய மூன்று சொல்லையும் அழித்தார். தூளை வாயால் ஊதினார். கமரா இன்னும் அந்தப் பக்கத்தைத்தான் காட்டிக்கொண்டிருந்தது.

"ஆதாரம் இல்லாமல் போடேலாது பிள்ளை."

சோபனா போனை நெஞ்சோடு கவிழ்த்துக்கொண்டாள். அவள் சுலபத்தில் விடுகிற பிள்ளையில்லை. அப்படியென்றால் அன்று ஸ்கோர் எழுதியவரைத் தேடிப் பிடித்துக் கேட்கலாமே என்றாள்.

குலசிங்கம் அச்சுப்படியில் விரலை வைத்துக் காட்டினார். 'ஸ்கோர் எழுதியவர்: தெரியவில்லை.' நூறு வருடத்துப் புத்தகத்தில் அப்படி எழுதியிருந்தது அந்த ஓர் இடத்தில்தான்.

அவள் நன்றி சொல்லிவிட்டுப் போனாள். போகிறபோதும் நன்றிதான் சொன்னாள்.

கார் திரும்புகிற சத்தம் கேட்டபிறகு அவர் பழைய புத்தகத்தைக் கிட்ட இழுத்தார். மட்ச் அன்று காலை கப்டன் பரா, பதினொரு பேர் இருந்த தாளில் கடைசியாக இருந்த அவருடைய பெயரை வெட்டிவிட்டு, இதே புத்தகத்தைத்தான் அவர் கையில் திணித்தான். "உன்ர எழுத்து வடிவு. நீ இதைப் பிடி." வெள்ளை உடுப்போடு வந்திருந்த பதினேழு வயதுப் பெடியன். வேலிக்கு வெளியே அவனுடைய ஐயா சைக்கிளில் சாய்ந்து நின்றார், மகன் ஆடுவதைப் பார்க்க.

பரா நூறாவது ஓட்டத்துக்கு ஓடியபோது மற்றக் கல்லூரி ஸ்கோரர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான். பிறகு குலசிங்கத்தின் புத்தகத்தைப் பார்த்துத்தான் எழுதினான். கூட்டுத்தொகையும் பிசகவில்லை.

பந்து துடுப்பின் நடுவில் பட்ட சத்தம் கொட்டகை வரை கேட்டது. குலசிங்கம் பென்சிலை நாக்கில் தொட்டு, லெக் பை கட்டத்தில் ஒன்று போட்டான்.