பாய்மரத்தில் ஏறிய பனையேறி

"வாத்தியாரம்மா, தோணிப் பாய்மரத்துல ஏறுனானே ஒரு பனையேறி, அவன் கீழ இறங்குனானா இல்லியா?"

பள்ளிக்கூட வாசலில் நின்றபடியே சுடலைக்கண்ணு கேட்டார். பனை ஏறி முடித்து நேராக வந்திருந்தார். மேலெல்லாம் பதநீர் வாசம்.

ஆசிரியை கெசியா சுண்ணாம்புக் கட்டியைக் கீழே வைத்தார். ராதாபுரத்துக்குத் தெற்கே பனைகளுக்கு நடுவில் இருந்த அந்த மிஷன் பள்ளிக்கு, பாளையங்கோட்டையிலிருந்து அவர் வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. கடைசி வரிசையைப் பார்த்தார். அங்கே சுடலைக்கண்ணுவின் மகள் சந்தனமாரி தலையைக் குனிந்து, உட்கார்ந்திருந்த பாயின் நுனியைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை.

சுடலைக்கண்ணு வந்த காரியத்தைச் சொன்னார். பங்குனி பிறந்தாயிற்று, பதநீர் இறக்கும் காலம். எல்லாரும் பனங்காட்டில் குடிசை போட்டுக் குடியேறிவிட்டார்கள். பதநீர் காய்ச்ச விறகு பொறுக்குவதற்குப் பிள்ளை வேண்டும். பத்து நாள் முன்பே கூட்டிப் போயிருப்பார். ஆனால் வாத்தியாரம்மா சொன்ன கதை என்று மகள் தினமும் சாயங்காலம் கொஞ்சம் சொல்கிறாள். மீதியை நாளைக்குத்தான் சொல்லுவாங்களாம் என்று நல்ல இடத்தில் நிறுத்திவிடுகிறாள். அதனால்தான் மறுநாளும் அனுப்ப வேண்டியதாகிவிட்டது.

"முடிவ இப்பவே சொல்லிருங்கம்மா. கேட்டுட்டுப் பிள்ளையக் கூட்டிட்டுப் போயிருதேன்."

பனங்காட்டுக்குப் போன பெண்பிள்ளை பள்ளிக்குத் திரும்பி வந்ததாக அந்தப் பள்ளியின் ஆஜர்ப் புத்தகத்தில் ஒரு பெயர்கூடக் கிடையாது. அது கெசியாவுக்குத் தெரியும். சந்தனமாரிக்கும் தெரியும்.

பாடம் பிள்ளைகளுக்குத் தித்திக்க வேண்டும் என்று மிஷனில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கெசியாவும் ஒரு வருடமாக என்னென்னவோ செய்து பார்த்தார். கணக்குச் சொல்லித்தர நுங்கு வாங்கி வைத்தார். கணக்கு ஆரம்பிக்கும் முன்பே நுங்கு தீர்ந்துவிட்டது. முற்றத்து மணலில் தேசப்படம் வரைந்தார். இலங்கைத் தீவைக் கோழி கிளறிவிட்டது. திசைகளை ராகம் போட்டுப் பாடினார். நாலு பிள்ளைகள் தூங்கிவிட்டன.

"எனக்கு ஒரே ஒரு ஆச்சரியம்மா," என்றார் சுடலைக்கண்ணு. "பனையில சொரசொரப்பு இருக்கும், கால் நிக்கும். பாய்மரம் வழுக்கும். அதனால அவன் காலுக்குக் கயித்த ரெண்டு சுத்தாப் போட்டுக்கிட்டு ஏறுனான்னு சொல்லியிருக்கீங்க. ஏறுனவனுக்குல்லா அது தெரியும். நீங்க எங்க போயிப் பனை ஏறுனீங்க?"

பிள்ளைகள் சிரித்தார்கள். கெசியாவும் சிரித்துச் சமாளித்தார். கதையைத் தனியாக ஒருவருக்குச் சொல்வது வழக்கமில்லை, வகுப்பில் வைத்துத்தான் சொல்ல வேண்டும், உட்கார்ந்து கேளுங்கள் என்றார். சுடலைக்கண்ணு வாசற்படியில் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"சந்தனமாரி, எந்திச்சு வா. நேத்து விட்ட இடத்துலருந்து நீயே சொல்லு."

அவள் அசையவில்லை. கெசியா பக்கத்தில் போய்க் கையைப் பிடித்து முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். "பயப்படாத பிள்ள. மெதுவாச் சொல்லு."

சந்தனமாரி சுவரைப் பார்த்துக்கொண்டு ஆரம்பித்தாள். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் போன தோணி நடுக்கடலில் திசை தப்பிவிட்டது. சுற்றிலும் மூடுபனி. பனையேறி பாய்மரத்து உச்சிக்குப் போய்விட்டான். அங்கே பனி இல்லை. சூரியன் அப்போதுதான் கிளம்புகிறது.

"தோணி போற பக்கம் பாத்தான், சூரியன் அவனுக்கு வலது கைப்பக்கம் இருந்துச்சு. அப்பம் மூஞ்சி வடக்க. கொழும்புக்குத் தெக்கல்லா போவணும்? தோணி திரும்பி ஊரப் பாத்துப் போயிக்கிட்டிருக்கு."

கெசியா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். நாலு பிள்ளைகளைத் தூங்கவைத்த அதே பாடம்.

"விஷயத்தச் சொல்லணும்னு அவன் கீழ பாத்தான். தோணியில ஒருத்தருமே இல்ல."

சந்தனமாரி நிறுத்திவிட்டாள். சுடலைக்கண்ணு எழுந்து உள்ளே இரண்டடி வந்துவிட்டிருந்தார். எல்லாரும் எங்கே போனார்கள் என்று கெசியாவைக் கேட்கத்தான் வாயைத் திறந்தார்.

அதற்குள் முன்வரிசையிலிருந்த குட்டி இன்பமணிக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்களுக்கு மட்டும் இதுவரைக்கும் ஒரு கதகூட நீங்க சொன்னதில்லையே வாத்தியாரம்மா."

சுடலைக்கண்ணு திறந்த வாயை மூடினார். கால் பெருவிரலால் தரையைக் கீறிக்கொண்டு நின்ற மகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவளை அங்கேயே விட்டுவிட்டு, தனியாகப் பனங்காட்டைப் பார்த்து நடந்தார்.